முதல் உருண்டை

ஒரு வாய் சாப்பிட்டதும் மிக்கேலின் கை தட்டோரத்தில் நின்றுவிடும். அடுத்த வாய்க்குச் சற்று நேரமாகும். "யாருக்குக் காத்துக்கிட்டிருக்கீங்க?" என்று கேட்டுக் கேட்டு மனைவி ஓய்ந்துவிட்டாள். தாயில்லாத அவனையும் தன் மகன் பூவலிங்கத்தையும் எதிரெதிரே உட்காரவைத்து, ஒரே சட்டியிலிருந்து மாறி மாறி ஊட்டி வளர்த்தவள் பக்கத்து வீட்டுச் செல்லத்தாய். முதல் உருண்டை எப்போதும் மிக்கேலுக்குத்தான். அவன் விழுங்கிய பிறகே பெற்ற பிள்ளைக்கு. வளர்ந்தபின் சண்டை என்று எதுவுமில்லை. ஆளுக்கொரு ஊரில் வேலை, குடும்பம். வாராவாரம் பேசியது பண்டிகைக்கு ஒருமுறையாகி, செல்லத்தாய் போனபின் அதுவும் நின்றுபோயிற்று. ஏழு வருடம் கழித்து ஒரு கல்யாணப் பந்தியில் இருவரும் எதிரெதிரே உட்கார நேர்ந்தது.

"நல்லாருக்கியா மிக்கேலு?"

"இருக்கேன்டா."

மிக்கேல் இலையையே பார்த்துக்கொண்டிருந்தான். ரச வாளியோடு வந்தவர் பூவலிங்கத்திடம், "என்னண்ணே, சோத்துல கையே வைக்கலையே?" என்றார்.

"அவன் இன்னும் வாயில வைக்கலையே," என்று பூவலிங்கம் எதிர் இலையைக் காட்டினான்.

செல்லத்தாய் உருண்டை பிடிக்கும் அளவுக்கே உருட்டி, மிக்கேல் ஒரு வாய் வைத்தான். விழுங்கினான். பிறகு கையை இலையோரத்தில் வைத்துக்கொண்டு எதிரே பார்த்தான்.