வெளிக்காற்று

“ஏசிக்குள்ள உக்காந்து யாருப்பா ஊதுறா?” என்று சிறுமி மகிழினி ஒருமுறை காரில் போகும்போது கேட்டாள். போன மாதம் பக்கத்து வீட்டு ஹபீபின் காரில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், அப்பா தணிகாசலத்தின் மடியிலேயே வாந்தியெடுத்து உயிர் அடங்கிப்போனாள். அன்றிலிருந்து ஹபீப் சித்திரை வெயிலிலும் கண்ணாடியை இறக்கிவிட்டே ஓட்டுகிறார்.

“ஏசி போட்டா வாடை வருதா பாய்?” என்று தணிகாசலம் கேட்டார்.

“அதெல்லாம் இல்ல சார். வெளிக்காத்துதான் உடம்புக்கு நல்லது.”

தணிகாசலத்தின் ஸ்கூட்டர் காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் காரை நகர்த்திக்கொள்ளட்டும் என்று, அதன் ஒரு சாவியை ஹபீப் அவரிடமே கொடுத்திருந்தார். வெள்ளிக்கிழமை ஹபீப் தொழுகைக்கு நடந்துபோனதும், தணிகாசலம் டாஷ்போர்டுப் பெட்டியைக் கழற்றி, உள்ளிருந்த ஏசிக் காற்றாடியைச் சோப்புநீரால் துடைத்தார். மகள் விட்டுப்போன வாடை, ஏசிக் காற்றை வடிகட்டும் பழைய ஃபில்டரில் இன்னும் இருந்தது. அதில் முகம் புதைத்து அழுதார். பிறகு வாங்கி வைத்திருந்த புதிய ஃபில்டரைச் செருகி, காரைப் பூட்டிவிட்டு மாடியேறினார்.