உள்ளங்கையளவு லட்சுமி

"வலையில சிக்குற வெளிநாட்டு ஆமை ஒண்ணையும் திரும்ப விடக்கூடாது," என்றார் ஏரிப் பாதுகாப்புச் சங்கச் செயலாளர் ஷ்யாம்சுந்தர்.

ராஜகீழ்ப்பாக்கம் ஏரிக்கரையில் பக்கத்தில் நின்ற மனைவி சின்மயி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"கொன்னுடுவாங்களா?"

"பாவம் பார்த்தா நம்ம ஊர் ஆமைக்கு இரையே மிஞ்சாது. இதை விட்டவன் யாருன்னு தெரியட்டும், போலீஸ்லயே கொடுக்கறேன்."

"வீட்டுக்குப் போயிடலாங்க. தலை சுத்துது."

"இரு, வலை வந்துடுச்சு."

வலையை இழுக்கச் சொல்லிக்கொண்டிருந்த விலங்கியல் பேராசிரியர் யாசீன் திரும்பினார். "வாஸ்துக்குன்னு குட்டியா வாங்குறாங்க சார். தட்டு அளவுக்கு வளர்ந்ததும் ஏரியில விட்டுடறாங்க."

"எல்லாம் வளராது சார்," என்றார் ஷ்யாம்சுந்தர். "எங்க வீட்டு ஆமை லட்சுமி ஆறு வருஷமா உள்ளங்கையளவுதான். ஓட்டுல நானே பெயிண்ட்ல 'ஸ்ரீ' எழுதியிருக்கேன்."

யாசீன் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். சின்மயி கண்ணை மூடிக்கொண்டாள்.

வலை கரையேறியது. உள்ளே தட்டு அளவில் நான்கு ஆமைகள். நான்கின் முதுகிலும் 'ஸ்ரீ'.

ஷ்யாம்சுந்தர் மெதுவாக மனைவி பக்கம் திரும்பினார்.

"பெரிசானா தொட்டி பத்தலை," என்றாள் அவள். "லட்சுமி வீட்டை விட்டுப் போகக்கூடாதுன்னு நீங்கதான் சொன்னீங்க. அதான் ஒவ்வொரு தடவையும் புதுக்குட்டி வாங்கி, உங்க கையெழுத்து மாதிரியே எழுதிட்டேன்."