கரை ஏறியவை

திரையில் ஆயிரம் கப்பல்கள்.

கடலில் ஒன்றுதான். மாலத்தீவிலிருந்து தூத்துக்குடிக்கு வந்துகொண்டிருந்த சின்னச் சரக்குக் கப்பல். நேற்று மதியம், தான் இருக்கும் இடத்தைச் சொன்னது. பிறகு புயல். பிறகு ஒன்றுமில்லை.

எங்கே இருக்கிறது என்று தெரியாதபோது, எங்கெல்லாம் இருக்கலாம் என்று கணக்கிடுவதுதான் கடலோரக் காவல் அறையில் அவள் வேலை. கடைசியாகச் சொன்ன இடத்திலிருந்து ஆயிரம் புள்ளிகளை ஓடவிடுவாள். ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் வேறு வேகம், கொஞ்சம் வேறு காற்று. புள்ளிகள் எங்கே அடர்கின்றனவோ, தேடும் விமானம் அங்கே போகும்.

ஒவ்வொரு புள்ளியும் ஒரு கப்பல்.

ஒவ்வொன்றிலும் ஒரு பெர்க்மான்ஸ். அவள் கணவன். கப்பலில் எஞ்சின் பார்ப்பவன்.

அவளை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். போகவில்லை.

ஒன்றில் அவன் பம்போடு மல்லுக்கட்டுகிறான். ஒன்றில் பீடி கேட்டு யாரையோ நச்சரிக்கிறான். ஒன்றில் வாய் திறந்து தூங்குகிறான். எதிலும் அவளை நினைக்கவில்லை. அவன் அப்படித்தான்.

சில புள்ளிகள் கரையைத் தாண்டின. கடல் முடிந்தது அவற்றுக்குத் தெரியாது.

ஒன்று பனங்காட்டுக்குள் போயிற்று. ஒன்று திருச்செந்தூர் சாலையில் ஏறியது. வேறு நாளாக இருந்தால் பக்கத்து மேசை இளம்பரிதி, கப்பல் பஸ் ஏறிவிட்டது என்று சிரித்திருப்பான். இன்று டீயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒன்று மணப்பாட்டுக்குள் நுழைந்தது. அவன் ஊர்.

படத்தைப் பெரிதாக்கினாள். புள்ளி தெருக்களை மெதுவாகக் கடந்து அவன் வீட்டுக்கு மேலே வந்தது. மழை விட்டிருக்கும். கொடியில் சேலைகள் காயும். கப்பலின் நிழலில் அவை அசையும். அதிலிருந்தவன் இறங்கி, ஈரச் செருப்பை வாசலில் உதறிவிட்டு, சோறு கேட்பான்.

மேலதிகாரி குணசீலன் சார் பின்னால் வந்து நின்றார். கரையோரம் முழுக்க ஆட்கள் நிற்கிறார்கள், எந்தக் கப்பலும் ஒதுங்கவில்லை என்றார். விமானம் காத்திருக்கிறது என்றார். கொஞ்சம் தயங்கி, எப்போதும் சொல்வதையே சொன்னார்.

"கரை ஏறினதை எல்லாம் தூக்கிடும்மா."

சரிதான். அவற்றை அழித்தால், அவற்றின் பங்கு கடலில் மிஞ்சியவற்றுக்குப் போகும். அங்கே அடரும். விமானம் சரியான இடத்தில் தேடும். புதிதாக வருபவர்களுக்கு இதைச் சொல்லித்தருபவளே அவள்தான்.

போன் அதிர்ந்தது. மணப்பாட்டிலிருந்து மாமியார். பேச்சுக்குப் பின்னால் காற்று.

"ஏம்மா, எம்புள்ள கரை ஏறிட்டானா?"



பனங்காட்டிலிருந்தவனை அழித்தாள்.

சாலையிலிருந்தவனை.

சோறு கேட்டவனை.

திரையின் கடலில் ஓரிடம், புள்ளிகள் அடர்ந்து, மெல்லக் கறுத்தது.

"இல்ல மாமி. எல்லாரும் கடல்லதான் இருக்காங்க."

மாமி மூச்சு விடுவது கேட்டது.

"எல்லாருமா," என்றாள். குரலில் கொஞ்சம் தெம்பு வந்திருந்தது. "அப்ப அவன் தனியா இல்ல."