குறுக்குக் கட்டை

"நம்ம சனம் பூராவும் உள்ள வந்துருச்சா?"

"வந்துருச்சு மாமா. கட்டையப் போடுங்க," என்றாள் லூர்து.

உபதேசியார் சந்தியாகு கோயில் கதவைச் சாத்திக் குறுக்குக் கட்டையை மாட்டினார். மாசம் ஒருமுறை தேவகோட்டையிலிருந்து சாமியார் வந்து பூசை வைக்கிற சின்ன மாதா கோயில்; மற்ற நாளில் அதைப் பார்த்துக்கொள்வது உபதேசியார்தான். ஓட்டுக் கூரை, ஒற்றைக் கதவு. மத்தியான வெயிலில் உள்ளே அடுப்பாய்க் காந்தியது.

எல்லாம் மடைத் தகராறு. அறுபத்தெட்டாம் வருஷத்து வறட்சியில் கண்மாய்த் தண்ணீர் வற்ற வற்ற பக்கத்து ஊரோடு புகைச்சல் ஏறியது. காலையில் மேலக்கரை ஊர்க்காரன் ஒருவனின் மண்டையை இந்த ஊர் ஆட்கள் உடைத்துவிட்டார்கள். மேலக்கரைக்காரர்கள் அரிவாளோடு திரண்டு வருகிறார்கள் என்றதும் ஆம்பிளைகள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரைக்கு ஓடினார்கள். வீரம் காட்டப் போனவர்களுக்குப் பெண்டு பிள்ளைகளைப் பற்றி யோசிக்க எங்கே நேரம்? கோயிலுக்குள் போய் ஒளியுங்கள் என்று கத்திவிட்டுப் போனதோடு சரி.

லூர்துவின் மாமியார் சூசையம்மா சன்னல் இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தாள். "தீ வச்சுட்டானுக. கீழ வீட்டு வைக்கப்போரு எரியுது."

"போலீசுக்கு ஆளு போயிருக்குல்ல?" என்றாள் லூர்து.

"சைக்கிள்ல போயிருக்கான். தேவகோட்டை என்ன கைக்கெட்டுற தூரத்துலயா கெடக்கு?"

"பயப்படாதீக," என்றார் சந்தியாகு. அவர் குரல்தான் எல்லாரையும்விட அதிகமாக நடுங்கியது. "மாதா இருக்கா. அவ வீட்டுக்குள்ள வந்துட்டோம். இனி எவனும் தொட முடியாது."

"அது சரி. கட்டை நல்லா உக்காந்துருக்கான்னு இன்னொருக்கப் பாருங்க," என்றாள் சூசையம்மா.

அப்போதுதான் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது.

ஓங்கித் தட்டவில்லை. விரல் முட்டியால், மெதுவாக. நின்றது. மறுபடியும் கேட்டது.

"யாரு?" என்று சந்தியாகு கேட்டார்.

பதில் இல்லை.

"நம்ம ஆம்பிளைகளா இருக்குமோ அத்தை?"

"கிறுக்கச்சி. நம்ம ஆளுன்னா பேரச் சொல்லிக் கத்த மாட்டானா? வாயத் தெறக்காமத் தட்டுறான் பாரு. உள்ள எம்புட்டுப் பேருன்னு நோட்டம் பாக்குறான்."

கதவின் அடியில் இருந்த இடுக்கு வழியாக வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. அதில் நிழல்கள் அசைவதை லூர்து பார்த்தாள். ஒருவர் இருவரல்ல, ஒரு கூட்டமே நின்றது. கொஞ்ச நேரத்தில் நிழல்கள் நகர்ந்தன. பக்கச் சுவரோரம் சருகு மிதிபடும் சத்தம் கேட்டது. பிறகு பின்சுவரை யாரோ தடவினார்கள்.

"சுத்தி வாரானுக," என்று ஒருத்தி அழத் தொடங்கினாள். "கூரையில தீயப் போட்டுட்டா என்ன செய்வோம்?"

"வாய மூடுடி."

நிழல்கள் திரும்பக் கதவுக்கு வந்தன. இந்தத் தடவை தட்டவில்லை, தள்ளினார்கள். கட்டை முனகியது. பெண்கள் ஓடிப்போய்க் கதவில் சாய்ந்தார்கள். லூர்து முதுகைக் கொடுத்துக் குதிகாலைத் தரையில் ஊன்றினாள். பலகைக்கு அந்தப் பக்கம் நெருக்கிக்கொண்டு நின்ற உடம்புகளின் பாரம் அவள் முதுகில் அழுத்தியது.

"செபமாலை சொல்லுவோம்," என்றாள்.

"வாய்க்குள்ள சொல்லு."

"வாய்க்குள்ள சொன்னா எனக்கே கேக்க மாட்டேங்குது அத்தை. நெஞ்சு அம்புட்டு சத்தமா அடிக்குது."

சிறு வயதிலிருந்து சொல்லிவருகிற செபம்தான். ஒருத்தி முதல் பாதியைச் சொல்லி நிறுத்த வேண்டும். கூட்டம் மறு பாதியைச் சொல்லி முடிக்க வேண்டும். லூர்து முதல் பாதியைச் சொன்னாள். யாரும் பதில் சொல்லவில்லை. எல்லாரும் அவளையே வெறித்தார்கள். சந்தியாகு கண்ணை இறுக மூடியிருந்தார்.

மறுபடியும் சொன்னாள். அப்போதும் பதில் இல்லை.

லூர்துவுக்கு ஆத்திரம் வந்தது. பீடத்தில் நின்ற மாதா சுரூபத்தைப் பார்த்தாள். இத்தனை வருஷம் மெழுகுவத்தி ஏற்றியிருக்கிறேன். உள்ளே இருக்கிறாயா, இல்லை நீயும் எங்கேயாவது ஓடி ஒளிந்துகொண்டாயா? இருக்கிறாய் என்றால் ஒரு பதில் சொல்.

மூன்றாம் முறை முதல் பாதியைச் சொன்னாள்.

பதில் வந்தது.

தாழ்ந்த குரலில், ஒரு சொல் பிசகாமல், பல பேர் ஒன்றாகச் சேர்ந்து மறு பாதியைச் சொன்னார்கள். லூர்துவுக்கு உடம்பு சிலிர்த்தது. அவ்வளவு நேரம் இருந்த பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. தனியாக இல்லை என்ற நினைப்பில் கண்ணீரோடு சுற்றிலும் பார்த்தாள்.

உள்ளே ஒருவர் உதடும் அசையவில்லை.

லூர்து சட்டென்று திரும்பிக் கட்டையில் கை வைத்தாள்.

"ஏய், என்ன காரியம் பண்ற?" என்று சந்தியாகு பாய்ந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"கைய எடுங்க மாமா," என்று அவரை உதறிவிட்டுக் கட்டையைத் தூக்கினாள்.

வாசலில், அழுகைச் சத்தம் கேட்டால் அரிவாள்கள் இங்குட்டுத் திரும்பிவிடும் என்று பிள்ளைகளின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு தெற்குத் தெருப் பெண்கள் நின்றிருந்தார்கள். ஞாயிறுதோறும் இதே கோயிலில், சாதியைச் சொல்லிக் கம்பித் தடுப்புக்குப் பின்னால் உட்கார வைக்கப்பட்டு, லூர்து வீட்டார் தொடங்கும் செபத்தின் மறு பாதியைச் சொல்லி முடிக்கிறவர்கள்.