காலை ஒன்பது மணிப் படம்

வீல் வீல் என்று கத்தியது லேப்டாப். திரை முழுக்கச் சிவப்பு.

'உளவு மென்பொருள் கண்டுபிடிக்கப்பட்டது. நீக்கவா?'

அவள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தாள். புது ஆன்டி-வைரஸ் போட்டு முழுசாக ஒரு நாள்கூட ஆகவில்லை.

லேப்டாப் மகனுடையது. இரண்டு வருடம் முன்பு சண்டை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்பியவன், இதை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனான். அப்புறம் ஒரு வார்த்தை இல்லை. வீம்புக்கு அவளும் கூப்பிடவில்லை.

அதில்தான் அச்சகத்துக்குப் பிழை திருத்திக் கொடுக்கிறாள். தினமும் காலை ஒன்பது மணிக்கு வேலைக்கு உட்கார்ந்தால், கேமரா பக்கத்தில் பச்சை விளக்கு ஒன்று கண் சிமிட்டும். யாரோ வேவு பார்க்கிறார்கள் என்று பயந்து, போன மாதம் கேமரா மேல் ஒரு பிளாஸ்டரை ஒட்டினாள்.

அடுத்த வாரமே ஊமைப் போன்கள் ஆரம்பித்தன. தெரியாத எண்; எடுத்தால் மூச்சுச் சத்தம். 'ஹலோ' என்றதும் கட். திருடன் எவனாவது நோட்டம் பார்க்கிறானோ? கதவுக்கு இரண்டாவது தாழ்ப்பாள் போட்டாள்.

இப்போது அவள் கூப்பிட, தெருமுனைக் கம்ப்யூட்டர் மெக்கானிக் வந்து, அரைமணி நேரம் தட்டிப் பார்த்தார்.

"அக்கா, இது வைரஸ் இல்ல, வீட்டோட மாப்பிள்ளை. ரெண்டு வருஷமா உள்ளேயே உக்காந்திருக்கு. தினம் ஒன்பது மணிக்கு உங்களை ஒரு படம் எடுத்து, யாருக்கோ மெயில் போட்டிருக்கு."

ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார்.

தலை வாராத அவள். இருமுகிற அவள். முந்தானையால் கண்ணைத் துடைக்கிற அவள்.

கடைசி இருபத்தாறும் வெறும் கறுப்பு.

"இந்த முகவரிக்குத்தான் போகுது. தெரிஞ்ச ஆளா?"

அவள் குனிந்து, அச்சுப் பிழை பார்ப்பதுபோல் எழுத்து எழுத்தாகப் படித்தாள். மறுபடியும் படித்தாள்.

"அழிச்சிடவாக்கா?"

மவுஸ் மேலிருந்த அவர் கையைச் சட்டென்று பிடித்துக்கொண்டாள்.

போன் அடித்தது. அதே எண்.

நகத்தால் சுரண்டிப் பிளாஸ்டரைப் பிய்த்து எறிந்துவிட்டு, போனை எடுத்தாள். இந்த முறை ஹலோ சொல்லவில்லை.

"அம்மாவுக்கு ஒண்ணும் ஆகலடா. கேமராவுல பிளாஸ்டர் ஒட்டிட்டேன், அவ்வளவுதான்... வச்சிடாதே!"