பச்சைக் கதவு

திருச்சி விமான நிலையத்தின் பச்சைக் கதவு சும்மா திறக்காது. வெளியே காத்திருக்கும் வீட்டார் ஒருவர் ‘இவரை நம்புகிறேன்’ என்று உள்ளங்கையைப் பதிக்க வேண்டும். கடத்தல் பொருள் பிடிபட்டால் பதித்தவருக்கும் சிறை.

சிங்கப்பூரில் மகள் வீட்டுக்குப் போய்த் திரும்பிய சௌந்தரவல்லி, மகன் வந்திருப்பான் என்ற தைரியத்தில்தான் அந்த வரிசையில் நின்றாள். கண்ணாடிக்கு அப்பால் மருமகள் யாழினி மட்டும் நின்றிருந்தாள். யாழினி பிறந்த வீட்டுக்குக் கிளம்பும்போதெல்லாம், எதை எடுத்துப்போகிறாளோ என்று அவள் பையைக் குடைந்து பார்க்கிற மாமியார் சௌந்தரவல்லி.

“மருமக கை வைக்கலேன்னா பெட்டிய எல்லார் முன்னாடியும் கொட்டித்தாம்மா பாக்கணும்” என்றாள் சுங்க அதிகாரி.

சொல்லி முடிப்பதற்குள் யாழினி உள்ளங்கையைப் பதித்துவிட்டாள்; கதவு திறந்துகொண்டது. சௌந்தரவல்லிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பெட்டியை இழுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வெளியே வந்து மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“உள்ள என்ன இருக்குன்னு போன் போட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடி?”

யாழினி பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

“கேட்டா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியுமே அத்தை.”