டம்ளரைத் தேடிய கை

"குடும்பப் போட்டோவைக் காட்டினேன் அண்ணி. வெறிச்சுப் பார்க்குறாரு. கூடப் பிறந்த என்னையே அண்ணனுக்குத் தெரியலையே!" நாத்தனார் விசும்பினாள்.

மூளையில் ரத்தக்குழாய் வெடித்து, ஆபரேஷன் முடிந்து கிடந்தான் அந்த ரயில் டிரைவர். தொண்டையில் குழாய், பேச்சு இல்லை. நினைவு கலங்கிவிட்டது என்று வார்டே முடிவு கட்டியிருந்தது.

அவன் மனைவி மட்டும் ஒப்பவில்லை. மூளை டாக்டரின் குரல் கேட்டதும் எழுந்து நின்றாள்.

"அவருக்குப் புத்தி தெளிவா இருக்கு டாக்டர். கண்ணுதான் தெரியல."

"எப்படிம்மா சொல்றீங்க?"

"டம்ளரை எடுங்கன்னு சொன்னேன். என் கை அவர் கை மேலதான் இருந்துச்சு. விரல் மேசை ஓரத்தைப் பிடிச்சுக்கிட்டே ஊர்ந்து போச்சு. டம்ளர்ல பட்டதும் நின்னு, விளிம்பைத் தடவிப் பார்த்து, அப்புறம்தான் பிடிச்சுது. சொன்னது புரியாதவர் கை இப்படியா தேடும்?"

"ஆசையில பேசாதீங்க அண்ணி."

"ஆசையில்லம்மா. தெரிஞ்சுதான் சொல்றேன். ஒரு தடவை கண்ணைச் சோதிச்சுப் பாருங்க டாக்டர். தப்புன்னா வாயைத் திறக்க மாட்டேன்."

டாக்டர் தலையாட்டினார். கண் டாக்டருக்கு ஆள் போனது.

கண் டாக்டர் வந்து விளக்கடித்துப் பார்த்தார். ஒரே கலங்கல், உள்ளே எதுவும் புலப்படவில்லை. மூடிய இமைமேல் ஜெல் தடவி, ஸ்கேன் கருவியைப் பூப்போல வைத்தார்.

"என்ன தெரியுது டாக்டர்?" மனைவி கேட்டாள்.

"ரெண்டு கண்ணுக்குள்ளயும் ரத்தம் தேங்கியிருக்கு. மூளையில ரத்தம் கசிஞ்சா சில பேருக்கு இப்படி ஆகும். விழித்திரை நல்லா ஒட்டியிருக்கு, அதுவரைக்கும் பிழைச்சோம். ரத்தத்தை எடுத்துட்டா பார்வை வரும்னு நம்பலாம்."

நாத்தனார் அண்ணியின் தோளில் சாய்ந்து அழுதாள்.

ஆபரேஷன் செய்து ரத்தத்தை எடுத்தார்கள்; பார்வை வந்தது. கண்கட்டைப் பிரித்தபோது தொண்டைக் குழாயையும் எடுத்திருந்தார்கள்.

"ஏண்டி இப்படி இளைச்சுட்டே?" கரகரத்த குரலில் தங்கையைக் கேட்டான் அவன்.

பிறகு மனைவியின் கையை இழுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு, வார்டுக்கே கேட்கும்படி சொன்னான்:

"உங்க இத்தனை பேர் கண்ணுக்கும் தப்பினதை, பிறந்ததுலேருந்து பார்வையே இல்லாத என் பொண்டாட்டி கண்டுபிடிச்சுட்டா, பார்த்தீங்களா!"